கண்ணு ரெண்டை விட்டுட்டு

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போகிறவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போவார்கள். அம்புஜவல்லி வேலையிலிருந்து நேரே போனாள். முழங்கை வரைக்கும் வெள்ளைக் களிமண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அன்றைக்கு அவளுக்கு இருந்த கோபத்துக்கு முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம்!

கொளஞ்சியப்பர் என்கிற அந்த மணவாளநல்லூர் முருகன் நியாயம் கேட்கிற சாமி. கோர்ட்டுக்குப் போக வக்கில்லாதவர்கள், போய்த் தோற்றவர்கள், போனால் ஊர் சிரிக்கும் என்று பயந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே கதவு திறந்திருக்கும். குறையைத் தாளில் எழுதி, எதிரியின் பேரும் ஊரும் போட்டு, சாமி காலடியில் வைத்தெடுத்து, கோயில் காவல் தெய்வமான முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். அப்புறம் முனியப்பர் கிளம்பிவிடுவார். எதிரியின் ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி அவருக்கு வழிச்செலவும் கட்ட வேண்டும். சாமியாகவே இருந்தாலும் ஓசியில் அலைய முடியுமா? மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு என்பார்கள். மனம் இரங்கினால் கட்டியவளே வந்து வாபஸ் வாங்க வேண்டும். வேறு ஒருத்தராலும் முடியாது.

"யார் மேலம்மா?" என்று கேட்டார் பிராது எழுதுகிறவர்.

"விருத்தகிரி. வாத்தியாரு. ஊரு கருவேப்பிலங்குறிச்சி."

"என்ன குறை?"

"எம் பொண்ணு காவியா, ஏழு வயசு. காலு வீங்கிக் கெடக்கற புள்ளைய தெனம் காலையில முட்டி போட வச்சாரு. அந்தாளு இனிமே முட்டிய மடக்கக் கூடாது. மடக்குனா நீட்டக் கூடாது. ஒரு எழுத்து வுடாம எழுதுங்க."

அவர் பேனாவை நிறுத்தினார். "நியாயம் வேணும்னு மட்டும் எழுதுவோம்மா. தண்டனைய சாமி பாத்துக்குவாரு."

"சாமிக்கு ஆயிரம் வேல இருக்கும், மறந்துடப் போறாரு. எழுதுங்க நீங்க."

எழுதினார். அவள் கட்டினாள். கையில் ஒட்டியிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்து, கருவேப்பிலங்குறிச்சி இருக்கும் திசை எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமாகத் தூற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

இவ்வளவு வன்மம் ஒரு நாளில் வந்ததா என்றால் இல்லை. ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. அம்புஜவல்லிக்கு, பீங்கான் சாமான் செய்கிற செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளில் தையல் போல ஒரு கோடு நிற்கும், அதை பிளேடால் சீவி ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். ஒன்பதரை மணிக்கு உள்ளே இல்லாவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். புருஷன் ராஜாங்கம் அந்தப் பொம்மைகளைப் பெட்டி பெட்டியாக லாரியில் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ், பெங்களூர் என்று ஓடுகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். ஆக, பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு ஓடுவது அம்புஜவல்லியின் பாடு. அந்த நேரம் பார்த்துத்தான் காவியா எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

எழுந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிரஷ்ஷைப் பிடிக்க விரல் மடங்கவில்லை என்றாள். கக்கூசில் உட்கார அழுதாள். "ம்மா, காலு தொறக்கல ம்மா" என்பாள். கதவு திறக்கவில்லை என்பது போல.

"தொறக்கலயா? வெளக்குமாத்த எடுத்தன்னா எல்லாம் தானாத் தொறக்கும்."

சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் அதே பிள்ளை தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும். ஒற்றைக் காலில் தாவும், குதிக்கும், சில்லைக் குனிந்து எடுக்கும். பார்த்ததும் பற்றிக்கொண்டு வராதா? "ஸ்கூலுக்குப் போற நேரத்துல தொறக்காத காலு, வெளையாடற நேரத்துல மட்டும் நல்லாத் தொறக்குதோ? எவ்ளோ பிடிவாதண்டி உனக்கு!" அப்பனைக் கொண்டு பிறந்த பிடிவாதம் என்று தெருவுக்கே சொன்னாள்.

கூட வேலை பார்க்கும் திரௌபதி, வளர்கிற வயசு வலி என்றாள். சுளுக்கு வழிக்கிறவர் எண்ணெய் போட்டு இழுத்த இழுப்பில் பிள்ளை அலறி அடங்கியது. மேலே லேசாகக் கணகணவென்று இருந்ததால் கிளினிக்கில் காய்ச்சல் மருந்து கொடுத்தார்கள். முட்டி கொஞ்சம் உப்பியிருக்கிறதே என்றதற்கு, எங்கேயாவது விழுந்திருப்பாள் என்றார்கள். மூட்டுவாதம் என்ற சொல் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அது கிழடு கட்டைகளின் சொல். பால் பல் முழுசாக விழாத பிள்ளைக்கும் அது வரும் என்று யார் கண்டது?

அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்துவிட்டது. காவியாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள் அம்புஜவல்லி. கேட்டில் இரண்டாம் வகுப்பு விருத்தகிரி சார் நின்றிருந்தார்.

"டெய்லி லேட்டும்மா இது."

"நான் என்னா சார் பண்றது, அவ்ளோ பிடிவாதம். இந்தாங்க, உங்க கையில புடிச்சிக் குடுத்துட்டேன். கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு மத்தத எல்லாம் தோல உரிச்சி எடுங்க. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

எந்தத் தாய்தான் இதைச் சொல்லவில்லை? பள்ளிக்கூடம் என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொல்கிறவளும் நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிற வாத்தியாரும் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருவதில்லை. வணக்கம் சொல்வது மாதிரி அதுவும் ஒரு மரியாதை. சார் சிரித்தார். அம்புஜவல்லியும் சிரித்துவிட்டு ஒன்பதரை மணி கேட்டைப் பிடிக்க ஓடினாள். நடுவில் நின்ற காவியாவை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அப்புறம் புரட்டாசியில் ஒரு நாள், சோற்று டப்பாவைப் பிள்ளை மறந்துவிட்டுப் போயிருந்தது. பத்து மணி வாக்கில் கம்பெனியில் சொல்லிக்கொண்டு அதை எடுத்துக்கொண்டு போனாள். வராந்தாவில் காவியா முட்டி போட்டிருந்தாள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் பொத்தியிருக்கிறது என்று நினைத்து, "எழுந்திருடி" என்றாள். பிள்ளை எழுந்திருக்கவில்லை. அள்ளித் தூக்கினாள். தூக்கிய பிறகும் கால் மடங்கியது மடங்கியபடியே அந்தரத்தில் நின்றது. பாவாடையை விலக்கிப் பார்த்தால் முட்டி இரண்டும் நுங்குக் காய் போல வீங்கிச் சூடாக இருந்தன.

அம்புஜவல்லி போட்ட சத்தத்தில் மூன்று வகுப்புப் பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க எம் புள்ளைய!"

"ஏம்மா, மரியாதையாப் பேசுங்க. நான் பெரம்பு தொடறதே இல்ல. ஃபர்ஸ்ட் பீரியடு மட்டுந்தான் முட்டி போடச் சொல்லுவேன். தரையில ஒக்காருன்னா ஒக்கார மாட்டா, எழுதுன்னா கை வலிங்கறா. மத்தியானத்துக்கு மேல வந்து பாருங்க, அந்த நெல்லி மரத்துல மொத ஆளா இவதான் தொங்குவா. நடிப்பும்மா. அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"மாடா? எம் புள்ள உனக்கு மாடா?"

அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், அங்கே இங்கே அனுப்பினார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர், முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். இத்தனை மாதத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

"வலி காலைல அதிகமாம்மா, சாயங்காலமா?"

"காலையிலதாங்க. வெயிலு ஏற ஏறச் சரியாயிடும். அதாங்க எல்லாரும் நடிப்புன்னுட்டாங்க. நானே பிடிவாதம்னு..."

"நடிப்பு இல்லம்மா, அதான் இந்த வியாதியோட அடையாளமே. ராத்திரி அசையாமப் படுக்கறா பாருங்க, அதுல மூட்டு இறுகிப் போயிடும். நடக்க நடக்க இளகும். நீங்க சொன்ன பிடிவாதத்துல பாதி சரி. புடிச்சிருக்கறது வாதந்தான். கொழந்தைங்களுக்கு வர மூட்டுவாதம்."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே அடிக்கிறது. மருந்து இருக்கிறது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை, அதை மறந்தும் தினம் போட்டுவிடக் கூடாது. காலையில் வெந்நீர், அப்புறம் மெதுவாகக் காலை மடக்கி நீட்டுகிற பயிற்சி. ஓட்டமும் ஆட்டமும் நல்லது, தடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் உட்கார வைத்தால்தான் பிடிக்கும். பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம், ஆனால் தரையில் வேண்டாம், பெஞ்சில் உட்காரட்டும்.

"அப்ப முட்டி போட வச்சதாலதான் வந்துதுங்களா?"

"அதனால வரல. யாரும் காரணம் இல்லம்மா. ஆனா வீங்குன முட்டில முட்டி போடறது சித்திரவதை. இன்னும் ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

யாரும் காரணம் இல்லையாம்! யாரும் காரணம் இல்லை என்றால் வயிற்றெரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? போன மாதங்களை எல்லாம் கூட்டி அள்ளி விருத்தகிரி சார் தலையில் வைத்துவிட்டாள் அம்புஜவல்லி. அங்கே வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இது கண்ணுக்குள்ளயும் போகும். வலிக்காது, சிவக்காது, கொழந்தையும் சொல்லாது. தெரியும்போது பார்வை போயிருக்கும். அதனால மூணு மாசத்துக்கு ஒரு தரம் கண்ணு ரெண்டையும் மெஷின்ல பாத்தே ஆவணும்."

கண் பார்க்கும் அறையில் தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி உட்கார வேண்டும். விளக்கைக் கண்டதும் காவியா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "கண்ண வுட்டுடுங்க, கண்ண மட்டும் வுட்டுடுங்க" என்று கத்தினாள். நர்ஸும் அம்புஜவல்லியும் சேர்ந்து கையை இழுத்தால் இமையை இறுக்கிக்கொண்டாள். வீங்கிய மணிக்கட்டை எவ்வளவுதான் இழுப்பது? ஊசியே போட்டுக்கொண்டவள் விளக்குக்கு இந்த ஆட்டம் ஆடுகிறாளே என்று அம்புஜவல்லிக்கு ஆத்திரமாக வந்தது.

"மயக்கம் குடுத்துப் பாக்கலாம்," என்றார் கண் டாக்டர். "ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தரம் மயக்கம் குடுக்க முடியுமா? வூட்ல சொல்லிப் பழக்கி ரெண்டு வாரத்துல கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல தள்ளாதீங்க."

அங்கிருந்து திரும்பி வந்த மறுநாள்தான் பிராது கட்டினாள்.

கட்டியதை ரகசியமாக வைத்திருக்க அவள் என்ன முட்டாளா? திரௌபதியிடம் சொன்னாள். திரௌபதியிடம் சொன்னால் மைக் வைத்துச் சொன்ன மாதிரி. நாலாம் நாள் திரௌபதி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"எக்கா! சேதி தெரியுமா? அந்த வாத்தியாரு பாலத்துகிட்ட ஜல்லில சறுக்கி வண்டியோட வுழுந்துட்டாரு. வலது முட்டி, எக்கா! முட்டி! பந்து மாதிரி வீங்கிக் கெடக்குதாம்."

பஞ்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு அம்புஜவல்லி எழுந்து நின்றாள். "முனியப்பா! வழிச்செலவு வீண் போவலடா சாமி!" என்று கத்தினாள். மத்தியானம் டீ நேரத்தில் மொத்த கம்பெனிக்கும் சூடாகப் பக்கோடா வாங்கிக் கொடுத்தாள். சூளை அடுக்குகிற ஆள் கூட, என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு இரண்டு கை அள்ளிப்போனார். இன்னும் இடது முட்டி பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இனித்தது.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருத்தகிரி சார் நொண்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கையில் சாத்துக்குடிப் பை. காவியா தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்று அம்புஜவல்லி சொல்லவில்லை.

"பிராத வாபஸ் வாங்கிடுங்கம்மா," என்றார். "எங்க வூட்ல அழுது மாளல. முனியப்பரு வந்துட்டாரு, அடுத்து என்ன செய்வாரோன்னு."

"நல்லா அழுவட்டும். தலவலியும் காச்சலும் தனக்கு வந்தாத்தான தெரியும்."

"அது வியாதின்னு எனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாமப் போட்டா முட்டி நோவாதா?"

சார் சாத்துக்குடிப் பையை வாசற்படியில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்கதாம்மா சொன்னீங்க. கேட்டுல வச்சி. கண்ணு ரெண்ட வுட்டுட்டுத் தோல உரிங்கன்னு."

அம்புஜவல்லிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. "அது பேச்சுக்குச் சொல்றதுய்யா! ஊருல எல்லா அம்மாவும் சொல்றது! அதப் போயி யாராவது நெசம்னு எடுத்துக்குவாங்களா? பி.எட். படிச்ச ஆளுதான நீ?"

"நெசம்னு எடுத்துக்கல. ஆனா நீங்க கேக்கமாட்டீங்கன்னு எடுத்துக்கிட்டேன்."

பதில் இல்லாத கோபம்தான் பொல்லாத கோபம். அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முனியப்பர் கொடுத்த தண்டனையைவிட நல்ல தண்டனை.

"வாபஸ் வாங்கறேன். ஒண்ணு செய்யி. நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு இங்க வா. எம் புள்ள எழுந்திருக்கறத ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒக்காந்து பாரு. கண்ண மூடக் கூடாது, எழுந்து போவக் கூடாது. நீ நடிப்புன்னு சொன்னியே, அந்த நடிப்ப முழுசாப் பாத்துட்டுப் போ."

சார் சரி என்றார். அவரைக் குறுக வைக்க வேண்டும், பார்க்கப் பார்க்க அவர் மனசு வேக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தாள். காவியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வீங்கிய காலை நீட்டியபடி அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, பாயைப் பார்த்தபடி ஸ்டூலைத் திருப்பியும் போட்டாள். அடுப்பில் வெந்நீர் கொதித்தது. அம்புஜவல்லி பிள்ளையின் முதுகைத் தட்டி எழுப்பினாள். முதலில் முனகல். காவியா ஒருக்களிக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே கிடந்தாள். விரல்கள் பாதி மூடியபடி இருந்தன. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முட்டியில் சுற்றினாள். "அம்மா, மெதுவா" என்று பிள்ளை அழுதாள். அந்த மெதுவாவை சார் நன்றாகக் கேட்கட்டும் என்று அம்புஜவல்லி பேசாமல் இருந்தாள். சார் முகம் கறுத்துப்போயிருந்தது. ஓரக்கண்ணால் அதைப் பார்த்தபோது, அய்யோ, எவ்வளவு நிம்மதியாக இருந்தது அவளுக்கு!

அப்போது காவியா தலையைத் திருப்பி சாரைப் பார்த்துவிட்டாள்.

கையை ஊன்றினாள். மணிக்கட்டு தாங்காமல் முழங்கையை ஊன்றினாள். தானாக எழுந்து உட்கார இத்தனை நாள் முடியாத பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டு, பாயில் மண்டி போட முயன்றாள். துண்டு அவிழ்ந்து விழுந்தது.

"போடறேன் சார். கொஞ்சம் நேரமாவும் சார், காலு தொறக்கல. போட்டுடறேன் சார்."

"ஏய் காவியா, என்னாடி பண்ற? யாரும் போடச் சொல்லலடி!"

பிள்ளை காதில் வாங்கவில்லை. எப்படியோ மண்டி போட்டுவிட்டாள். போட்ட உடனே இரண்டு கையையும் தூக்கிக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். விரல் மூடாத இடத்தைப் புறங்கையால் மறைத்துக்கொண்டாள்.

"கண்ண மட்டும் வுட்டுடுங்க சார். அம்மா சொல்லியிருக்காங்க. மத்தத உரிச்சிக்கோங்க."

அம்புஜவல்லியின் மனசில் வராந்தாவில் பொத்திய கண், ஆஸ்பத்திரியில் பொத்திய கண் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. வெட்கம் என்று நினைத்தாளே, பிடிவாதம் என்று நினைத்தாளே! விளையாட்டுக்குச் சொன்ன சொல்லை இந்தப் பிள்ளை சட்டம் என்று எடுத்துக்கொண்டு, தோலை உரிக்கக் கொடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் இத்தனை மாதமாகக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கண்ணைத்தான் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். சார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போகப் பார்த்தார்.

"எங்க போற?" என்று சீறினாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சீற வந்தது. "முடிஞ்சிதுன்னு நெனைக்கிறியா? வியாழக்கிழம புதுச்சேரில கண்ணு பாக்கணும். நீயும் வர. நான் சொன்னா நம்பாது இது, சொன்னவளே நான்தான. நீ சொல்லிக் கண்ணத் தொறக்க வைக்கணும். கண்ணு தப்பிச்சாத்தான் வாபஸ். தப்பிக்கல, உம் பேருலயும் கட்டுவேன், எம் பேருலயும் கட்டுவேன். ரெண்டு பேரும் நாசமாப் போவோம்!"

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் காவியா அவரைப் பார்க்காமல் அம்மா முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். கண் பார்க்கும் அறையில் மெஷினைக் கண்டதும் கை இரண்டும் தூக்கிக்கொண்டன. நர்ஸ் பேசிப் பார்த்தாள், டாக்டர் சாக்லெட் காட்டினார். கை இறங்கவில்லை.

சார் முன்னால் போனார். "காவியா, சார் வந்திருக்கேன். கண்ணத் தொறம்மா." பிள்ளை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டது.

அவர் திரும்பி அம்புஜவல்லியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட முட்டியை மடக்கி, அந்த ஆஸ்பத்திரித் தரையில் பிள்ளைக்கு முன்னால் முட்டி போட்டார். வலியில் அவர் வாயிலிருந்து அம்மா என்று சத்தம் வந்துவிட்டது. டாக்டர், "சார், சார்" என்று எழுந்தார்.

"காவியா, அம்மா சொன்னது தப்பு. சார் செஞ்சது அதவிடத் தப்பு. அதான் முட்டி போட்டிருக்கேன். உன் தோல யாரும் உரிக்க மாட்டாங்க, கண்ணையும் எடுக்க மாட்டாங்க. வெளக்கு அடிச்சிப் பாப்பாங்க, அவ்ளோதான். நீ கண்ணத் தொறக்கற வரைக்கும் சார் இப்பிடியே இருக்கேன்."

பிறகு ஒரு விரல் விலகியது. முட்டி போட்ட வாத்தியாரை எந்தப் பிள்ளைதான் பார்க்காமல் இருக்கும்? இரண்டாவது விரலும் விலகியது.

"சார்," என்றாள் காவியா. "வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"எழுந்திருங்க சார்."

அவர் கையை ஊன்றிப் பார்த்தார். எழ முடியவில்லை. கையை முழுவதும் இறக்கிவிட்டு, கண்ணை அகலமாகத் திறந்துகொண்டு, காவியா அவரையே பார்த்தாள். "உங்களுக்கும் காலு தொறக்கலயா சார்?"

அப்புறம் தானாகத் தாடையைக் கொண்டுபோய் மெஷினில் வைத்தாள்.

பிராதில் எழுதியது எழுத்து மாறாமல் நடந்துவிட்டது. மடக்கிய முட்டியை அவரால் நீட்ட முடியவில்லை. அம்புஜவல்லி கண் குளிரப் பார்க்க வேண்டிய காட்சி. அவள்தான் போய் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

வலது கண்ணில் ஒன்றுமில்லை. இடது கண்ணுக்குள் நோய் புகைய ஆரம்பித்திருந்தது. "சரியான நேரத்துக்கு வந்தீங்க," என்றார் டாக்டர். "சொட்டு மருந்துலயே அடக்கிடலாம். ஒரு ஆறு மாசம் போயிருந்தா நான் இப்பிடிப் பேச மாட்டேன்." அடுத்த வாரம் வகுப்பில் காவியாவுக்கு ஜன்னலோரம் பெஞ்சு போட்டாகிவிட்டது. பீரியடுக்கு ஒரு தரம் எழுந்து வராந்தாவில் நடந்துவிட்டு வர வேண்டும் என்பதும் விருத்தகிரி சார் உத்தரவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அம்புஜவல்லி மறுபடியும் மணவாளநல்லூர் போனாள். இந்தத் தடவை குளித்துவிட்டுப் போனாள். பிராது எழுதுகிறவருக்கு அவளை நன்றாக நினைவிருந்தது.

"வாபஸாம்மா? சமாதானம் ஆயிடுச்சா?"

"அந்தாளு முட்டி போட்டுட்டாரு. அவுத்துடுங்க." தாள் அவிழ்ந்தது. அவள் நகரவில்லை. "இன்னொண்ணு கட்டணும்."

"யார் மேல?"

"ஒரு பொம்பள மேல. உள்ளூருதான், செராமிக் பேட்டைக்குப் பின்னால. பெத்த புள்ளைய எடுத்து ஊரான் கையில குடுத்து, கண்ண வுட்டுட்டு மத்தத உரிங்கன்னு சொன்னா. வலின்னு அழுத புள்ளையப் பிடிவாதம்னு சொன்னா. இனிமே அவ வாயில அந்த ரெண்டு பேச்சும் வரக் கூடாது. வந்தா அந்த வாயி அப்பிடியே இழுத்துக்கணும்."

"தண்டனைய சாமி பாத்துக்குவாரும்மா."

"எழுதுங்க நீங்க."

எழுதினார். "அந்தப் பொம்பள பேரு?"

"அம்புஜவல்லி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பழைய தாளில் கட்டியவள் பேரை ஒரு தரம் பார்த்தார். எழுதி நீட்டினார். அவள் அதைக் கொண்டுபோய் முனியப்பர் முன்னால் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினாள்.

"இந்தத் தடவ தூரம் இல்ல சாமி," என்றாள். "எங்கூடவே பஸ்ஸுல வந்துடு."